வாசகர் கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எந்த இணைப்பு?

கேள்வி: குன்னூரில் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். திருமணப் படங்களும் வீடியோக்களுமாக ஏறத்தாழ 500 ஜிகாபைட் பழைய கம்ப்யூட்டரில் சேர்ந்துவிட்டன. இப்போது வாங்கியிருக்கும் லேப்டாப்பில் சி வகைப் போர்ட் இரண்டும் சாதாரண யூ.எஸ்.பி போர்ட் ஒன்றும் உள்ளன. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கக் கோவைக்குப் போனால், கடைக்காரர் யூ.எஸ்.பி 3.2 என்கிறார், தண்டர்போல்ட் என்கிறார், நெட்வொர்க்கில் மாட்டுவதும் உண்டு என்கிறார். விலையோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், குன்னூர்

பதில்: இணைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், பெட்டிக்குள் இருப்பது சுழலும் தட்டா அல்லது சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கையடக்கமான 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, அதன்மேல் முனை நகர்ந்துதான் எழுத வேண்டியிருப்பதால், எந்தக் கேபிளில் மாட்டினாலும் நொடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரைதான் அதனால் எழுத முடியும். கல்லாறு தாண்டிப் பற்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நம் மலை ரயிலுக்கு எவ்வளவு உயர்ந்த தண்டவாளம் போட்டாலும் அது தன் வேகத்தில்தான் ஏறும். அதுபோல, நொடிக்கு 40 ஜிகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) வரை கடத்தவல்ல தண்டர்போல்ட் 4 என்ற அதிவேக இணைப்பில் இந்த டிஸ்க்கை மாட்டினாலும் கூடுதல் பயன் எதுவும் கிடைக்காது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, அதே கொள்ளளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி இரண்டாம் பிரதி எடுத்து வைப்பதே மேல் என்பது என் கருத்து. திருமணப் படம் ஒருமுறை போனால் மறுபடி எடுக்க முடியாதது அல்லவா!

ஆகவே, உங்களுக்கு நொடிக்கு 5 ஜிகாபிட் தரும் யூ.எஸ்.பி இணைப்பே தாராளமாகப் போதும். 2008இல் யூ.எஸ்.பி 3.0 என்ற பெயரில் வந்த அதையே பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதன் பிறகு 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றினார்கள். பெயர்தான் மூன்று, வேகம் ஒன்றே. எனவே பெட்டியின் மேல் 3.2 என்று மட்டும் பார்த்துவிட்டுக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். எத்தனை ஜிகாபிட் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது உங்கள் பழைய கம்ப்யூட்டரைத்தான். அதன் பின்புறம் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். யூ.எஸ்.பி போர்ட்டின் உள்ளே இருக்கும் நாக்கு நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் அது 3.0. கறுப்போ வெள்ளையோ என்றால் பெரும்பாலும் 2.0. இந்த 2.0இன் வேகம் ஏட்டளவில் 480 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் கிடைத்தாலே அதிகம். அதன் வழியாக உங்கள் 500 ஜிகாபைட்டை நகலெடுக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், 3.0 வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மலையில் இந்த வேறுபாடு பெரிது. சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியில், ஐப்பசி மழையில், பழைய 2.0 போர்ட்டில் குடும்ப வீடியோக்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் மின்சாரம் போனது. அப்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பிறகு திறக்கவே இல்லை. மூலத்தை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். நகலெடுக்கும்போது கம்ப்யூட்டரை யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள், நகலைத் திறந்து பார்க்கும்வரை மூலத்தைத் தொடாதீர்கள்.

மின்சாரம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் டிஸ்க் கேட்கும் மின்சாரம் கிடைக்காவிட்டால், அது 'டக் டக்' என்று ஒலித்துவிட்டு நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறாமல், அதை முன்பக்கப் போர்ட்டிலிருந்து கழற்றி, மதர்போர்டிலேயே நேரடியாக அமைந்திருக்கும் பின்பக்கப் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க் என்றால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். ஸ்டுடியோ மேசையில் நிலையாக இருக்கும் என்றால் அதுவும் சரிதான்; மண்டபத்துக்குத் தூக்கிப் போவதற்கு ஒத்துவராது.

நெட்வொர்க்கில் மாட்டும் வகை, நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் படங்களைத் திறந்து வேலை செய்யும் இடத்துக்கு உரியது. தனியாக நடத்தும் ஸ்டுடியோவுக்கு வேண்டாம்.

நாளை டிஸ்க்கிலிருந்தே நேராக வீடியோ எடிட்டிங் செய்ய நினைத்தால், அப்போது எஸ்.எஸ்.டி வாங்குங்கள், 10 ஜிகாபிட் இணைப்பு அதற்குத்தான் பொருந்தும். மழையில் வேலை முடித்துக் குளிர்ந்த பையோடு மேட்டுப்பாளையம் இறங்கினால், அங்குள்ள வெக்கையில் டிஸ்க்கின் மேல் ஈரம் பூக்கும். எடுத்தவுடன் மாட்டாமல், பையிலேயே ஒரு மணி நேரமாவது விட்டுவைத்து, உலர்ந்ததும் மாட்டுங்கள்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.யை போன் சார்ஜருடன் வந்த சி கேபிளில் மாட்டினால் மிக மெதுவாக இயங்குகிறது. டிஸ்க்கில் கோளாறா?
– மாணவி, கொடைக்கானல்

பதில்: கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். சி என்பது முனையின் வடிவத்துக்கான பெயரே தவிர, வேகத்துக்கானது அன்று. சார்ஜருடன் வரும் பல கேபிள்களில் மின்சாரக் கம்பிகளோடு 2.0க்கான தகவல் கம்பிகள் மட்டுமே இருக்கும், 3.0க்குத் தேவையான கூடுதல் கம்பிகள் இருக்காது. எஸ்.எஸ்.டி.யின் பெட்டியிலேயே கேபிள் கொடுத்திருப்பார்கள், அதை எடுத்து மாட்டுங்கள். அது தொலைந்திருந்தால், 5 அல்லது 10 ஜிகாபிட் என்று குறிக்கப்பட்ட கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.