டைரியைக் கேட்பதற்கு முன் அவர் காரில் ஏறுங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 33. பினாங்கில் ஒரு சொத்து ஏஜென்சியில் ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். அதில் மூவர் இருபது, இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர்கள், மூத்தவருக்கு 61. வாடிக்கையாளர் விவரங்களைச் சிஸ்டத்தில் போடச் சொன்னால் போடுவதில்லை, எல்லாம் டைரியில்தான். வீடியோ எடுக்கலாம் என்றால் சிரிக்கிறார்கள். போன கூட்டத்தில் மூத்தவர், 'நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்போ நீ ஒண்ணாம் வகுப்பு படிச்சிருப்பேம்மா' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மாற்றச் சொல்கிறார் பாஸ். வரும் திங்கள்கிழமை மறுபடியும் கூட்டம். என்ன செய்வது?"

முதலில் ஒன்று. அந்த அங்கிள் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கும். ஆனால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பயம். இருபத்தைந்து வருடம் ஓடியாடிச் சேர்த்த வீட்டு ஓனர்கள் அந்த டைரியில் இருக்கிறார்கள். உரிமம் உள்ள முகவரின் கீழ் வீடு விற்றுத் தரும், நாம் ரென் என்று சொல்கிற நெகோஷியேட்டர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வீடு விற்றால்தான் கமிஷன். அப்படிப்பட்டவரிடம் போய் 'டைரியில் இருப்பதைச் சிஸ்டத்தில் போடுங்கள்' என்றால், அவர் காதில் 'உங்கள் சொத்தை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள்' என்றுதான் விழும். அந்தப் பயம் நியாயமானது. மூத்த ஏஜெண்டின் ஓனர்களை, அவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த நேரத்தில் வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்த அலுவலகத்தை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் பேச வேண்டியவர் உங்கள் பாஸ். யார் சிஸ்டத்தில் போட்டாரோ அந்த வாடிக்கையாளர் அவருக்கே உரியவர். அவர் விடுப்பில் இருக்கும்போது இன்னொருவர் விற்று முடித்தால் கமிஷனில் இவருக்கு இத்தனை பங்கு. அவர் ஓய்வு பெற்ற பிறகும் இத்தனை வருடத்துக்கு இத்தனை பங்கு. இதை எழுத்தில், கையெழுத்துடன் வாங்குங்கள். பாஸ் தர மறுத்தால், அங்கிள் டைரியை மறைப்பதில் தப்பே இல்லை என்பதுதான் என் கருத்து. அப்போது அவரை மாற்றும் வேலையை நீங்கள் ஏற்க வேண்டாம்.

இரண்டாவது, நீங்கள் கேட்கும் மாற்றங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில, சட்டம் கேட்பவை. இவர்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் ரென் அட்டை கிடையாது, அது 2014-இல் வந்தது. இன்று இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பை முடித்து, சொத்து முகவர்களுக்கான வாரியத்தில் பதிந்து, அந்த அட்டையோடுதான் தொழில் செய்ய முடியும். வாங்குபவர் கொடுக்கும் முன்பணம் ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி வாடிக்கையாளர் யார் என்று சரிபார்த்துப் பதிந்து வைக்க வேண்டும். இதிலெல்லாம் கோச்சிங் என்ற பேச்சே வேண்டாம். உரிமம் வைத்திருக்கும் முகவர், அதாவது உங்கள் பாஸ், எல்லோருக்கும் பொதுவாக ஒரே வார்த்தையில் சொல்லிவிடட்டும். வீடியோ, சிஸ்டம், விளம்பரம் எல்லாம் வேலை செய்யும் முறைகள். அதில் பொறுமையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி இறக்கினால், அவர்கள் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு வாரம் அந்த அங்கிள் காரில் ஏறிக் கூடவே போங்கள். வாயைத் திறக்காமல் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு மூத்தவரோடு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கப் போனேன். அவர் நேராக வீட்டுக்குள் போகவில்லை. கீழே காவலாளியிடம் ஐந்து நிமிடம் பேச்சு: லிஃப்ட் எப்படி, ராத்திரி கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று. மேலே போனதும் வரவேற்பறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளியலறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். மேல்வீட்டுத் தண்ணீர் கசிந்த கறை இருக்கிறதா என்று. "இதை முதல்லயே சொல்லிடணும். வாங்கினவன் அப்புறமா கண்டுபிடிச்சா என் பேரு போயிடும்" என்றார். இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அப்புறம் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது டைரியைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட தடித்த டைரி. ஒவ்வொரு ஓனர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வருடம், சிலவற்றில் ஒரு குறிப்பு. '2017, மகள் கல்யாணம் தை.' அந்த வருடம் எதற்கு என்று கேட்டேன். ஓனர் வீடு வாங்கிய வருடம் அது. மலேசியக் குடிமக்கள் வீட்டை வாங்கி ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் சொத்து லாப வரி கட்ட வேண்டும்: முதல் மூன்று வருடத்துக்குள் 30 விழுக்காடு, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. 2022 முதல் ஆறாம் வருடத்திலிருந்து அந்த வரி இல்லை. ஐந்து வருடம் முடிகிற நேரமாகப் பார்த்து இவர் ஓனருக்குப் போன் போடுவார். கல்யாணச் செலவும் சேர்ந்துவந்தால் ஓனர் விற்கத் தயாராகவே இருப்பார்.

நாம் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் செய்கிற வேலையைத்தான் அவர் பேனாவால் செய்துகொண்டிருந்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அங்கிள், இதுல ஏதாவது தேதி தவறிப் போயிருக்கா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இரண்டு பெயர்களைக் காட்டினார். அவர் கூப்பிடுவதற்கு முன்பே வேறு ஏஜெண்டு முந்திவிட்ட வீடுகள். அந்த மேசையிலேயே அவர் போனின் காலண்டரில் மூன்று பெயர்களுக்கு நினைவூட்டல் வைத்துக் காட்டினேன். நாலாவதை அவரே வைத்தார். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் அங்கிளுக்கும் இப்படி ஒரு இடம் இருக்கும், அவரே வலியை உணர்கிற இடம். வாங்க வந்தவர் போனில் பதிவான விற்பனை விலைகளைக் காட்டிப் பேரம் பேச, இவர் நினைவில் இருந்த விலை எடுபடாமல் போன நாளாக அது இருக்கலாம். அந்த இடம் தெரியும்வரை எதையும் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். தெரிந்த பிறகு ஒன்றை மட்டும் கொடுங்கள். ஐந்தை ஒன்றாகக் கொடுத்துக் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த அண்ணன் அதன்பின் என் வகுப்புக்கே வரவில்லை.

டைப் செய்யமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். வீடு பார்த்து முடித்ததும் வாட்ஸ்அப்பில் தமிழிலேயே ஒரு நிமிடம் பேசி அனுப்பட்டும். அலுவலகத்தில் இருப்பவர் அதைச் சிஸ்டத்தில் போடட்டும். இது செல்லம் கொடுப்பது என்று சில பயிற்றுநர்கள் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். அலுவலகத்துக்கு வேண்டியது தகவல்தான். வீடியோவும் அப்படியே: இளையவர் படம் பிடிக்கட்டும், அங்கிள் முகம் காட்டாமல் அந்தத் தாமானை, அதாவது குடியிருப்பைப் பற்றி மட்டும் பேசட்டும். பினாங்கின் இரண்டாவது பாலம் 2014-இல் திறப்பதற்கு முன் பத்து காவான் வட்டாரம் எப்படி இருந்தது என்று அவரைப் போலச் சொல்ல, உங்கள் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள்?

இத்தனைக்கும் பிறகு ஒருவர் அசையவே மாட்டார். சட்டப்படி நடக்கிறார், வீடு விற்கிறார் என்றால் அவரை அவர் வழியில் விடுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளையும் சிஸ்டம் பக்கம் போகாதே என்று தடுத்தால் மட்டும், தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம்.

திங்கள்கிழமைக்கு ஸ்லைடு எதுவும் தயாரிக்க வேண்டாம். உங்கள் கையில் இப்போது விலை இறங்க மறுக்கும் ஓனர் யாராவது இருப்பார். கூட்டம் முடிந்ததும் மூத்தவரிடம் போய், "அங்கிள், இந்த ஓனர்கிட்ட மூணு மாசமா பேசிப் பார்த்துட்டேன், அசைய மாட்டேங்கிறார். நீங்க ஒரு தடவை கூட வர முடியுமா?" என்று கேளுங்கள். உண்மையாகவே உதவி தேவைப்படும் ஓனராக இருக்கட்டும். சும்மா கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். வருகிறேன் என்று சொன்னால், அவர் காரிலேயே போங்கள்.