கிரெச்சுக்குள் செடி வைக்கலாமா?

எங்கள் கிரெச்சில் இருபது குழந்தைகள், ஏசி அறை. பத்துத் தொட்டி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்கிறார் நர்சரிக்காரர். உண்மையா?

பத்து என்ன, நூறு வைத்தாலும் ஆகாது. இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம் 1989-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு ஆவிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். அளவு குறைந்தது, வாஸ்தவம்தான். ஆனால் உங்கள் அறை பெட்டி இல்லையே. 2019-இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டுமாம். அப்புறம் குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது?

ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அவ்வப்போது அதை நிறுத்தி, எதிரெதிர் சன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். மதியத் தூக்கத்துக்குக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றும் வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

ஸ்நேக் பிளான்ட் இரவிலும் ஆக்சிஜன் தருமாமே?

அது இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் தயாராவது வெயில் இருக்கும்போதுதான். அதுவும் சொற்பம். தவிர, இரவில் உங்கள் கிரெச்சில் யார் இருக்கிறார்கள்?

எந்தச் செடி ஆபத்து?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெள்ளைத் திட்டு விழுந்த அகன்ற இலையோடு வரவேற்பறைகளில் நிற்குமே டிஃபன்பேக்கியா, அதுதான் முதல் எதிரி. இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கும். ஒரு மழலையர் பள்ளியில் இரண்டு வயதுப் பையன் அதைக் கடித்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். உதடு தடித்து, எச்சிலை விழுங்க முடியாமல் வாயைத் திறந்தபடியே அழுதான். மிட்டாய் தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து ஆயா முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் ஒட்டியிருந்த பாதி இலையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இப்படி நேர்ந்தால் ஈரத்துணியால் வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மணி பிளான்ட்டிலும் இதே ஊசிதான், கைக்கு எட்டாத உயரத்தில் தொங்க விடலாம். அரளி வாசலில்கூட வேண்டாம். அரேகா பாம், ஸ்பைடர் பிளான்ட், சன்னலோரம் கற்பூரவல்லி, இவை போதும். தொட்டி மண்மேல் அழகுக்குப் பரப்பும் வெள்ளைக் கூழாங்கற்களை எடுத்துவிடுங்கள், நேராக வாய்க்குப் போகும்.

பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் வளர்க்கிறோம், கொசு வருமா?

வரும். டெங்கு பரப்பும் ஏடிஸுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுக்கும் இதே வைத்தியம்தான்.

ஒரு குழந்தைக்கு வீசிங் உண்டு. செடி வைக்கலாமா?

வைக்கலாம். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை வரும், அதுதான் வம்பு. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மணம் தூக்கும் பூச்செடிகளை வெளியே வையுங்கள்.

அப்படியானால் செடியால் பயனே இல்லையா?

இருக்கிறது, ஆனால் காற்றில் இல்லை, மண்ணில். பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பக முற்றங்களில் காட்டு மண்ணும் புல்லும் செடித்தொட்டிகளும் கொண்டுவந்து போட்டு, 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை 28 நாள் விளையாட விட்டார்கள். தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை கூடியது, நோய் எதிர்ப்பைச் சீராக வைக்கும் செல்களின் அளவிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. 2020-இல் வெளியான ஆய்வு அது. சிறிய ஆய்வுதான், ஆனால் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். அதனால் பத்துத் தொட்டிக்கு எடுத்து வைத்த பணத்தில் வாசலில் ஒரு பாத்தி கட்டி, வெந்தயம் தூவுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும். தண்ணீர் ஊற்றுவது குழந்தைகள் வேலை. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது உங்கள் வேலை.