தண்ணி பில் டபுளாச்சுன்னா மீட்டர்ல காத்தா, வீட்ல லீக்கா?

கேள்வி சுருக்கமா இதுதான்: "எங்க வீட்ல கீழ நாங்க நாலு பேரு, மாடில வாடகைக்கு ரெண்டு பேரு. மீட்டர் வெச்சு மூணு வருஷம் ஆச்சு. மாசம் 22 யூனிட் வாக்குல வந்துட்டு இருந்துச்சு, போன மாசம் 41 யூனிட்னு பில் வந்திருக்கு. புதுசா எதுவும் வாங்கல, விருந்தாளி யாரும் வரல. தண்ணி தினமும் நாலு மணி நேரம்தான் வரும், கீழ சம்ப்ல விழும், அங்கேந்து மோட்டார் போட்டு மேல டேங்குக்கு ஏத்துறோம். பக்கத்து வீட்டுக்காரரு மீட்டர்ல காத்து சுத்துதுன்னு சொல்றாரு, மீட்டரையே மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கவா? மாடிக்குத் தனி மீட்டர் வெச்சு பில்ல பிரிச்சுக்கலாமா?"

மீட்டர மாத்தச் சொல்லி இப்பவே எழுதிக் குடுக்காதீங்க. நீங்க குடுத்த நம்பர்லயே நிறைய விஷயம் இருக்கு, முதல்ல அதப் பிரிச்சுப் பாப்போம்.

ஒரு யூனிட்னா ஒரு கிலோலிட்டர், அதாவது 1000 லிட்டர். 22 யூனிட்ட ஆறு பேருக்கு 30 நாளுக்கு வகுத்தா ஆளுக்கு தினம் 122 லிட்டர், இது சாதாரணமான வீட்டு உபயோகம்தான். 41 யூனிட்ட வகுத்தா 228 லிட்டர். கூடுதலா போனது 19 யூனிட், அப்போ ஒரு நாளைக்கு 633 லிட்டர். இது 24 மணி நேரமும் ஒழுகுற லீக்னா மணிக்கு 26 லிட்டர் சொச்சம், நிமிஷத்துக்கு அரை லிட்டர் கூட இல்ல. பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு சன்னமான ஓட்டம், அவ்ளோதான், பக்கத்துல நின்னாலும் சத்தம் கேக்காது. பல பேரு "இவ்ளோ தண்ணி லீக்கானா எங்க கண்ணுக்குத் தெரியாதா"ன்னு கேப்பாங்க, தெரியவே தெரியாதுங்க.

அதே சமயம் சொட்டுற குழாயையும் குத்தம் சொல்ல முடியாது. செகண்டுக்கு ஒரு சொட்டு விழுந்தா, ஒரு சொட்டு கால் மில்லின்னு வெச்சாக்கூட நாளைக்கு 21 லிட்டர் சொச்சம்தான். 633 லிட்டர் போகணும்னா அப்படி முப்பது குழாய் சொட்டணும். அதனால வாஷர் மாத்துனா சரியாயிடும்னு யாராவது சொன்னா, மாத்துங்க, நல்லதுதான், ஆனா இந்த பில்லுக்கு அது காரணம் இல்ல.

இப்ப காத்து விஷயத்துக்கு வருவோம், ஏன்னா இது வெறும் கட்டுக்கதை இல்ல, நெசமாவே நடக்குறதுதான். சப்ளை விட்டு விட்டு வர்ற ஊர்ல தண்ணி நின்னதும் தெருக் குழாய் காலியாகி உள்ள காத்து புகுந்துடும், மறுபடி திறந்து விடும்போது தண்ணி அந்தக் காத்தத் தள்ளிக்கிட்டு வரும், அது வீட்டு கனெக்ஷன் வழியா வெளிய போகும். மீட்டருக்குள்ள இருக்குற சின்ன சக்கரத்துக்கு தண்ணியா காத்தான்னு வித்தியாசம் தெரியாது, தள்ளுனா சுத்தும். ஆனா எவ்ளோ காத்துன்னு பாக்கணும்ல. உங்க வீட்டுக்கு வர்ற 15 மில்லிமீட்டர் குழாய் 20 மீட்டர் நீளம் இருந்தா அதுக்குள்ள மொத்தமே மூணரை லிட்டர்தான் புடிக்கும். தெருவுல 100 மில்லிமீட்டர் குழாய்னா ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 8 லிட்டர். தினம் 633 லிட்டர் காத்து உங்க மீட்டர் வழியா மட்டும் போகணும்னா, தெருக் குழாய்ல 80 மீட்டர் நீளத்துக்கு இருக்குற காத்து முழுசும் வேற எந்த வீட்டுக்கும் போகாம உங்க வீட்டுக்கே வரணும். தெருவோட கடைசி வீடு, மேட்டுல இருக்குற வீடுன்னா கொஞ்சம் ஜாஸ்தியா வர வாய்ப்பு உண்டு, ஆனா அப்படின்னா அது மூணு வருஷமாவே வந்திருக்கணும். போன மாசம் மட்டும் ஏன் திடீர்னு? முன்னாடி நாள் முழுக்க வந்த சப்ளைய இப்போதான் நாலு மணி நேரமா குறைச்சாங்கன்னா காத்து மேல சந்தேகப்படலாம். இல்லன்னா மெல்ல மெல்ல ஏறாம ஒரே மாசத்துல தாவுனா ஏதோ ஒண்ணு உடைஞ்சிருக்கு, இல்ல ரீடிங் தப்பாயிருக்குன்னு அர்த்தம்.

காத்த நீங்களே அளந்தும் பாக்கலாம். சப்ளை வர்றதுக்கு முன்னாடி மீட்டர் கிட்ட போய் ரீடிங்க போன்ல ஒரு போட்டோ எடுங்க, ஒருத்தர சம்ப் பக்கத்துல நிக்க வைங்க, சம்ப்ல தண்ணி விழ ஆரம்பிச்சதும் குரல் குடுக்கச் சொல்லுங்க, உடனே இன்னொரு போட்டோ. அதுவரைக்கும் உஸ்ஸுன்னு சத்தத்தோட சுத்துனது எல்லாம் காத்து. நாலஞ்சு நாள் எடுத்தா ஒரு சராசரி கிடைச்சுடும். நெசமாவே அதிகமா இருந்தா, சம்ப் வாய்ல இருக்குற வால்வ மூடி வெச்சிருந்து, சப்ளை வந்து கொஞ்ச நேரம் கழிச்சு திறங்க, அதுவே பெரும்பாலும் போதும். தெருக் குழாயோட மேடான இடத்துல ஏர் வால்வு, அதாவது காத்த மட்டும் வெளிய விடுற வால்வு, வைக்கச் சொல்லிக் கேக்குறதும் நியாயமான கோரிக்கைதான், அது அவங்க வேலை. ஆனா ஒண்ணு, மெயின் லைன்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சுறத மட்டும் யாரும் செய்யாதீங்க. அது காத்தையும் இழுக்கும், எங்கயாவது குழாய்ல ஓட்டை இருந்தா சுத்தி இருக்குற சாக்கடைத் தண்ணியையும் சேத்து இழுக்கும், அந்தத் தண்ணி உங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, தெரு முழுக்கப் போகும்.

அடுத்தது ரீடிங். பழைய பில்லயும் இப்ப வந்த பில்லயும் பக்கத்துல வெச்சு, ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங் ரெண்டையும் பாருங்க. மீட்டர்ல கறுப்பு இலக்கம் கிலோலிட்டர், செவப்பு இலக்கமோ செவப்பு முள்ளோ அதுக்குக் கீழ உள்ள லிட்டர் கணக்கு, பில்லுக்கு கறுப்பு மட்டும்தான். கண்ணாடி மேல தண்ணி கோத்திருந்தா 3 எல்லாம் 8 மாதிரி தெரியும், செவப்பையும் சேத்துப் படிச்சுட்டுப் போறதும் உண்டு. இன்னொண்ணு, முந்தின மாசம் ஆள் வந்தப்போ வீடு பூட்டியிருந்து சராசரி போட்டுட்டுப் போயிருந்தா, அந்த மாசம் விட்டுப்போனது எல்லாம் இந்த மாசம் மொத்தமா வந்து சேரும். இன்னிக்கு ரீடிங் பில்ல இருக்குற முடிவு ரீடிங்க விட கம்மியா இருந்தா விஷயம் அங்கயே முடிஞ்சுது, போட்டோவோட போய்க் குடுங்க.

அது சரியா இருந்தா லீக் தேடணும். நல்லாக் கேட்டுக்கோங்க, சம்ப் இருக்குற வீட்ல "எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரப் பாருங்க"ங்குற பொதுவான அட்வைஸ் உதவாது, ஏன்னா குழாய மூடுனாலும் சம்ப் நிரம்புற வரைக்கும் மீட்டர் ஓடிட்டுதான் இருக்கும். நம்ம வீட்ட துண்டு துண்டா பிரிச்சு டெஸ்ட் பண்ணணும்.

முதல் துண்டு மீட்டர்லேந்து சம்ப் வரைக்கும். சப்ளை வர்ற நேரத்துல சம்ப் வாய்ல இருக்குற வால்வ இறுக்கி மூடிட்டு மீட்டரப் பாருங்க. முகப்புல குட்டியா ஒரு முக்கோணமோ நட்சத்திரமோ இருக்கும், ரொம்பக் கம்மியான ஓட்டத்துக்கும் அது அசையும். அஞ்சு நிமிஷம் அசையவே இல்லன்னா அந்தத் துண்டு பெரும்பாலும் சுத்தம். என் கணிப்புல உங்க பிரச்சனை இங்க இல்ல, ஏன்னா இந்தக் குழாய்ல நாளுக்கு நாலு மணி நேரம்தான் தண்ணி இருக்கு, அந்த நேரத்துக்குள்ள 633 லிட்டர் போகணும்னா நிமிஷத்துக்கு ரெண்டரை லிட்டருக்கு மேல ஒழுகணும், அவ்ளோ ஒழுகுனா மேல எங்கயாவது தரை ஈரமாவோ புல்லு மட்டும் பச்சையாவோ காட்டிக் குடுத்துடும்.

ரெண்டாவது சம்ப். ராத்திரி படுக்கப் போறப்ப உள்ள வர்ற வால்வ மூடிட்டு, மோட்டார் போடாம, ஒரு நீளக் குச்சிய விட்டு தண்ணி மட்டத்த மார்க் பண்ணுங்க, காலைல அதே குச்சிய அதே இடத்துல விட்டுப் பாருங்க. சம்ப் ரெண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவுன்னா ஒரு சென்டிமீட்டர் இறங்குனா 30 லிட்டர். உங்க லீக் முழுசும் சம்ப்லதான்னா எட்டு மணி நேரத்துல 211 லிட்டர் போகும், அதாவது 7 சென்டிமீட்டர், பளிச்சுன்னு தெரியும். சம்ப் விரிசல்தான் மோசமான எதிரி, மண்ணுக்குள்ளயே போயிடும், ஒரு துளி வெளிய வராது. சம்ப் நிரம்புனதும் மிதவை மேல வந்து தானா மூடுற ஃப்ளோட் வால்வு சரியா மூடாம ஓவர்ஃப்ளோ குழாய் வழியா போகுதான்னும் சப்ளை நேரத்துலயே ஒரு தடவ எட்டிப் பாத்துடுங்க.

மூணாவது மேல் டேங்க். அதே ராத்திரி, அதே மாதிரி மார்க், ஆனா ராத்திரி யாரும் தண்ணி உபயோகிக்கக் கூடாது, மாடில இருக்குறவங்க கிட்டயும் சொல்லிடுங்க. மட்டம் இறங்கியிருந்தா அடுத்த ராத்திரி டேங்க்லேந்து வெளிய போற கேட் வால்வ மூடிட்டு திரும்பப் பாருங்க. அப்பவும் இறங்குனா டேங்க்லயே ஓட்டை, இறங்கலன்னா வீட்டுக்குள்ள. வீட்டுக்குள்ளன்னா பத்துல எட்டு தடவ ஃப்ளஷ் டேங்க்தான்னு தைரியமா சொல்லுவேன். அடியில இருக்குற ரப்பர் தேஞ்சு வளைஞ்சு போச்சுன்னா, தண்ணி கோப்பையோட பின்சுவத்துல ஒட்டிக்கிட்டு சத்தமே இல்லாம இறங்கிட்டு இருக்கும். ஃப்ளஷ் டேங்க்ல ஏதாவது கலர் கொஞ்சம் கரைச்சுட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கோப்பைல கலர் வந்தா புடிச்சுட்டீங்க. இல்ல கோப்பைக்குள்ள பின்பக்கத்த நல்லாத் தொடைச்சு ஒரு காஞ்ச டிஷ்யூ பேப்பர ஒட்டி வைங்க, நனைஞ்சா லீக். மாடி வீட்லயும் மறக்காமப் பாருங்க, வாடகைக்கு இருக்குறவங்க பில் கட்டலன்னா அவங்க கண்ணுக்கு இது படாது, இது யாரையும் தப்பா சொல்றது இல்ல, கண் முன்னாடி ரீடிங் இல்லாதப்போ யாருக்குமே தெரிய வழியில்ல.

நீங்க பண்ற இந்த ராத்திரி டெஸ்டத்தான் குடிநீர் வாரியங்களும் பண்ணுது. ஒரு ஏரியாவ தனியா பிரிச்சு உள்ள வர்ற வழில பெரிய மீட்டர் வெச்சு, ராத்திரி ரெண்டுலேந்து நாலு மணி வாக்குல எல்லாரும் தூங்குற நேரத்துல எவ்ளோ ஓடுதுன்னு பாப்பாங்க, யாரும் உபயோகிக்காதப்போ ஓடுற தண்ணில பெரும்பங்கு லீக்தான். சப்ளை நாள் முழுக்க இருந்தாத்தான் அங்க இந்தக் கணக்கு சரியா வரும், விட்டு விட்டு வர்ற ஊர்ல அந்த நேரத்துலயும் சம்ப் நிரம்பிட்டு இருக்கும்.

எல்லாமே சுத்தம், லீக்கே இல்லன்னா அப்பதான் மீட்டர். சக்கரம் வெச்ச மீட்டர் பழசாக ஆக பெரும்பாலும் கம்மியாதான் காட்டும், தேய்மானமும் உராய்வும் சக்கரத்த மெதுவாக்கும், வேகமாக்குறது அபூர்வம். ஃப்ளோட் வால்வு பாதி மூடி சன்னமா ஓடுற நேரத்துல ஓடுற தண்ணில ஒரு பங்க எண்ணாமலே கூட விட்டுடும். தண்ணி மீட்டருக்கான சர்வதேச தரமான ஐஎஸ்ஓ 4064படி, 30 டிகிரி வரைக்கும் உள்ள குளிர் தண்ணிக்கு சாதாரண ஓட்டத்துல ரெண்டு சதவீதம் கூடவோ குறைச்சலோ இருக்கலாம், ரொம்பக் கம்மி ஓட்டத்துல அஞ்சு சதவீதம். உங்க பில் ஏறுனது 86 சதவீதம், ரெண்டுக்கும் தூரம் ரொம்ப. மீட்டர் முகப்புல கியூ3ன்னு ஒரு நம்பரும் (மீட்டர் தொடர்ந்து தாங்குற ஓட்டம், மணிக்கு இத்தன கிலோலிட்டர்னு) ஆர்னு ஒரு நம்பரும் (அந்த ஓட்டத்துல எத்தனாவது பங்கு வரைக்கும் துல்லியமா எண்ணும்னு) இருக்கும், கியூ3 2.5, ஆர் 80ன்னா, 2500 லிட்டர 80ஆல வகுத்தா மணிக்கு 31 லிட்டர், அதுக்குக் கீழ போற ஓட்டத்துக்கு அந்த மீட்டர் துல்லியத்துக்கு உத்தரவாதம் குடுக்கல. ஆர் நம்பர் எவ்ளோ பெருசோ அவ்ளோ சின்ன ஓட்டத்தையும் சரியாப் புடிக்கும்.

சந்தேகம் தீரலன்னா, சம்ப்ல விழுற இடத்துல தண்ணிய புடிச்சு நீங்களே அளங்க. அளவு தெரிஞ்ச பக்கெட்ல அஞ்சாறு தடவ, மொத்தம் 100 லிட்டராவது புடிங்க, எடை மெஷின் இருந்தா இன்னும் நல்லது, ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஒரு பக்கெட் மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, பக்கெட்டோட தப்பே மீட்டரோட தப்ப விட பெருசா இருக்கும். செவப்பு இலக்கம் 100க்கு 110ன்னு திரும்பத் திரும்ப காட்டுனா மட்டும் டெஸ்டிங் கேட்டு எழுதுங்க, பில் நம்பர், தேதி போட்ட போட்டோ, நீங்க அளந்த கணக்கு எல்லாம் இணைச்சு. சீல மட்டும் தொடாதீங்க, சீல் உடைஞ்சிருந்தா நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் பேச முடியாது. மீட்டர் சாஞ்சு மாட்டியிருந்தா அதையும் எழுதுங்க, சில மீட்டர் படுக்கை மட்டத்துல இருந்தாத்தான் சின்ன ஓட்டத்த சரியா எண்ணும்.

மாடிக்குத் தனி மீட்டர் தாராளமா வெக்கலாம், ஆனா அது மேல் டேங்க்லேந்து மாடிக்கு இறங்குற குழாய்ல வரணும். டேங்க்லேந்து வர்ற அழுத்தம் ரொம்பக் கம்மிங்கறதால குறைஞ்ச ஓட்டத்துலயே சுத்துற மீட்டரா பாத்து வாங்குங்க, ஆர் 160 மாதிரி. கீழ ஒண்ணு மாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெச்சா, ரெண்டோட கூட்டல் மெயின் மீட்டரோட என்னிக்கும் சரியா வராது, கொஞ்சம் குறையும். அந்த வித்தியாசத்த மாசாமாசம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, திடீர்னு பெருசானா சம்ப்லயோ மேல் டேங்க்லயோ போகுதுன்னு பில் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். பணத்தப் பிரிக்கும்போது யூனிட்டுக்கு இவ்ளோன்னு பிரிக்காதீங்க, மொத்த பில்ல ரெண்டு மீட்டரோட விகிதத்துல பிரிங்க, ஏன்னா ஸ்லாப் முறைல மேல் ஸ்லாப்ல விழுற யூனிட்டுக்கு ரேட் ஜாஸ்தி, ஒரே மெயின் மீட்டர்ல ரெண்டு குடும்பம் இருக்குறதாலதான் அந்த ஸ்லாப்பத் தொடுறீங்க, அந்தப் பாரத்த ஒருத்தர் தலைல மட்டும் கட்டக் கூடாது. உங்க ஊர் விதில ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி கனெக்ஷன் குடுப்பாங்கன்னா அதக் கேட்டு வாங்குறது சப்-மீட்டர விட நல்லது, அப்போ ரெண்டு பேருக்கும் கீழ் ஸ்லாப் ரேட்டே கிடைக்கும்.