பழைய காருக்குப் புது மீட்டர் பேனல்: தகட்டை வெட்டும் முன்

கேள்வி: என்னிடம் 1960களில் வந்த கார் இருக்கிறது. டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், ஆம்மீட்டர் ஆகிய மூன்றுதான். அவற்றை எடுத்துவிட்டு, ஆறு மீட்டர்கள் வைத்த அலுமினிய பேனல் போட ஆசை. ரெடிமேடாக வாங்குவதா, நானே செய்வதா? பழைய சென்சர்களே புது மீட்டர்களுக்கு ஒத்துவருமா?

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் அழகான மீட்டர் செட்டை வாங்கிவிட்டு, அப்புறம்தான் சென்சரைப் பற்றி யோசிக்கிறார்கள். பெட்ரோல் மீட்டர் அளப்பது பெட்ரோலை அல்ல, டேங்குக்குள் இருக்கும் மிதவையின் மின்தடையை. அந்த மிதவைதான் இங்கே சென்சர். அந்த மின்தடை அளவு காருக்குக் கார் மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் காலி டேங்குக்கு 0 ஓம், நிரம்பினால் 90. பழைய ஃபோர்டுகளில் அப்படியே தலைகீழ்: காலிக்கு சுமார் 73, நிரம்பினால் சுமார் 10. தனியாக விற்கும் அமெரிக்க மீட்டர்கள் பலவும் காலிக்கு 240, நிரம்பினால் 33 என்ற கணக்கில் வேலை செய்பவை. ஐரோப்பிய மீட்டர்களில் 10 முதல் 180 வரை என்பது சகஜம்.

பொருந்தாத ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 0–90 மிதவையுடன் 240–33 மீட்டரை இணைத்தால், டேங்க் காலியாக இருக்கும்போது முள் 'ஃபுல்'லையும் தாண்டி நிற்கும். பெட்ரோல் நிரப்ப நிரப்பக் கீழே இறங்கி, பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். மீட்டரிலும் கோளாறு இல்லை, மிதவையிலும் கோளாறு இல்லை. ஆனால் நடுவழியில் நிற்கப்போவது நீங்கள்தான்.

அதனால் எதையும் வாங்கும் முன், டேங்க் மிதவையின் வயரைக் கழற்றி, மிதவையின் முனைக்கும் எர்த்துக்கும் (காரின் பாடி இரும்பு) நடுவே மல்டிமீட்டரை வைத்து அளந்துகொள்ளுங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது ஒரு முறை, நிரப்பியதும் ஒரு முறை. அந்த இரண்டு எண்களுக்கு ஏற்ற மீட்டரை வாங்குங்கள். வெப்பநிலை, ஆயில் பிரஷர் இரண்டுக்கும் இந்த யோசனையே வேண்டாம்: மீட்டருடன் வரும் சென்சரையே போட்டுவிடுங்கள். மரையை மட்டும் சரிபாருங்கள். எட்டில் ஒரு அங்குல மரையில், அமெரிக்க என்.பி.டி.யில் அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் பி.எஸ்.பி.யில் 28. ஒரு வகை சென்சரை மற்ற வகைத் துளையில் திருகினால் சில சுற்று சமத்தாக ஏறும், அப்புறம் இறுகும். அதை ஸ்பானரால் பலவந்தமாக முடுக்கினால் இன்ஜின் பிளாக்கின் மரையே போய்விடும். ஒற்றை வயர் சென்சருக்கு அந்த மரைதான் எர்த். கசியாமல் இருக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை முழுக்கச் சுற்றினால் எர்த் சரியாகக் கிடைக்காமல் போகலாம்.

உங்களுடையது பிரிட்டிஷ் கார் என்றால் இன்னும் இரண்டு விஷயம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். புது எலக்ட்ரானிக் மீட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்யப்பட்டவை. எதையும் இணைக்கும் முன் பேட்டரியில் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அடுத்தது, பழைய பெட்ரோல் மீட்டருக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கலாம். அது மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் தரும். புது 12 வோல்ட் மீட்டருக்கு அங்கிருந்து இணைப்பு எடுக்கக் கூடாது.

எந்த ஆறு என்று கேட்டால், என் தேர்வு: வேகம், இன்ஜின் சுற்று (ஆர்.பி.எம்.), ஆயில் பிரஷர், தண்ணீர் வெப்பநிலை, பெட்ரோல், வோல்ட்மீட்டர். ஆம்மீட்டரை விட்டுவிடுங்கள். வண்டியின் மின்னோட்டம் பெரும்பகுதி அதன் வழியாகத்தான், அதாவது டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. டைனமோவை எடுத்துவிட்டு, அதைவிட அதிக மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் போட்டிருந்தால், பழைய வயரும் முனைகளும் சூடேறித் தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. வோல்ட்மீட்டருக்கு மெல்லிய வயர் போதும், ஒரு சின்ன ஃப்யூஸும். இன்ஜின் நிற்கும்போது சுமார் 12.6, ஓடும்போது 14ஐ ஒட்டி நின்றால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.

ஆயில் பிரஷருக்கு எலக்ட்ரிக் மீட்டரே எடுங்கள். மெக்கானிக்கல் மீட்டர் துல்லியம்தான். ஆனால் அதன் மெல்லிய குழாய் விட்டுப்போனால் கொதிக்கும் ஆயில் உங்கள் கால்மீது. ஸ்பீடோமீட்டரை மாற்றுவதாக இருந்தால், கேபிள் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது புது மீட்டரோடு பொருந்த வேண்டும். பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்மித்ஸின் பழைய மீட்டர்களில் அந்த எண் டயலிலேயே சின்னதாக அச்சாகியிருக்கும். பழையது ஓடுகிறது என்றால் அதையே புது பேனலில் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

இப்போது ரெடிமேடா, சொந்தமா? உங்கள் மாடலுக்கென்றே, பழைய ஸ்குரூ துளைகளிலேயே உட்காரும் பேனல் கிடைத்து, அதன் மீட்டர் உங்கள் ஓம் அளவோடும் ஒத்துப்போனால் யோசிக்காமல் வாங்குங்கள். 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று விற்பதை வாங்காதீர்கள். அதற்குப் பேசாமல் நீங்களே செய்துவிடலாம். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தகடு போதும். சின்ன மீட்டர்களுக்கு 52 மில்லிமீட்டர் துளை. முதலில் அட்டையில் வெட்டி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங் வழியாகப் பாருங்கள். வளையத்துக்குப் பின்னால் முதலில் மறையப்போவது ஆயில் பிரஷராக இருக்கக் கூடாது. பின்பக்கம் வைப்பர் கம்பிகளும் ஹீட்டர் குழாயும் எங்கே போகின்றன என்று கையை விட்டுத் தடவிப் பார்த்து, மீட்டரின் ஆழத்துக்கு மேல் வயர் வளைய இடம் விடுங்கள். எது எப்படியானாலும் காரின் சொந்த டேஷ்போர்டு இரும்பில் வெட்டு விழக் கூடாது. பழைய பேனலைத் துடைத்து எடுத்து வையுங்கள். பின்னால் காரை விற்க நேர்ந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

கண்ணாடி போலப் பாலிஷ் போட்ட அலுமினியம் வெயிலில் கண்ணைக் கூசும். சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சுழித்த அந்தப் பழைய ஃபினிஷ் எனக்குப் பிடிக்கும். 1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் மூக்குத் தகட்டிலும் அதுதான்.

வயரிங்கில், எல்லா வயர்களும் ஒரே பல முனை கனெக்டரில் வந்து சேரட்டும். பேனலை மடிமேல் இறக்கிவைக்கும் அளவு வயர் கூடுதலாக இருக்கட்டும். மரப் பேனலாக மாற்றிக்கொண்டால், மரத்தில் மின்சாரம் பாயாது என்பதால் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வேண்டும். மீட்டர் விளக்குகளுக்கு எல்.இ.டி. போடலாம், பழைய டிம்மரோடு அது சரியாக மங்காது, அவ்வளவுதான். சார்ஜ் எச்சரிக்கை விளக்கை மட்டும் மாற்றாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்கள் கிளம்புவதே அந்த 2.2 வாட் பல்பின் வழியாகப் போகும் மின்னோட்டத்தால்தான். அங்கே எல்.இ.டி. போட்டால், இன்ஜின் ஸ்டார்ட் ஆகியும் வோல்ட்மீட்டர் 12.6ஐத் தாண்டாமல் போகலாம்.