கோதுமையில் பசுவும் இல்லை, புகையும் இல்லை

வணக்கம் ஐயா,
இந்தி வகுப்பில் கோதுமைக்கு ‘கேஹூன்’ என்று படித்தோம். அது ‘கோதூம’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் திரிபு; கோ (பசு), தூமம் (புகை) சேர்ந்து ‘பசுவின் புகை’ என்று பொருள்; வறட்டி நெருப்பில் ரொட்டி சுட்டதால் அந்தப் பெயர் என்றார் ஆசிரியர். சரிதானா? நம் ‘கோதுமை’யும் இதுதானா?
— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

திரிபு சரி, புகை தப்பு.

‘கோதூம’வில் உள்ள ‘தூ’ மூச்சோடு ஒலிப்பது. அந்த எழுத்து இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தால் பிராகிருதத்தில் (பழைய வடநாட்டுப் பேச்சுமொழிகளில்) தகரம் உதிர்ந்து மூச்சு மட்டும் மிஞ்சும். ததி ‘தஹீ’ (தயிர்) ஆனது, வதூ ‘பஹூ’ (மருமகள்) ஆனது, மதூகம் ‘மஹுவா’ (இலுப்பை) ஆனது எல்லாம் இந்த வழியில்தான். கோதூம இப்படி ‘கோஹூம’ ஆயிற்று. அப்புறம் கடைசி மகரமும் கரைந்து, முன்னே நின்ற ஊகாரத்தை மூக்கொலியாக்கிவிட்டுப் போனது. உத்தரப் பிரதேசத்தில் அவதி மொழி பேசுகிறவர்கள் வாயில் ‘கோஹூ’ இன்னும் இருக்கிறது. இந்தியில் ஓ ஏ ஆகிவிட்டது.

அதனால் நீங்கள் எழுதியதில் கடைசி ‘ன்’ கிடையாது. அங்கே இருப்பது சந்திரபிந்து, அதாவது உயிரை மூக்கால் ஒலிக்கச் சொல்லும் குறி. நாக்கு மேலே ஒட்டக் கூடாது. பேச்சில் ‘வந்தான்’ என்று முடிக்கிறோமே, அந்த இழுவைதான்.

இனி புகை. ஈரானின் பழைய மறைநூலான அவெஸ்தாவில் இந்தத் தானியம் ‘கந்தும’, பாரசீகத்தில் ‘கந்தும்’. அதில் பசுவும் இல்லை, தூமமும் இல்லை. இரண்டும் ஒரே தாய்மொழிச் சொல்லின் பிள்ளைகள் என்றால் அங்கே ‘ந்த’வும் இங்கே மூச்சொலித் தகரமும் வர ஒலிவிதி இடம் தராது. வேற்றுமொழிச் சொல் ஒன்று இரண்டு பக்கமும் தனித்தனியாக நுழைந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் வந்தது, காதுக்குப் பழகிய ‘கோ’, ‘தூம’ என்ற வடிவத்தில் பொருத்தப்பட்டது என்பதே மொழியியலாளர் பலரின் கணிப்பு. வறட்டிக் கதை அதற்கும் பிந்தியது.

ரிக் வேதத்தில் ‘யவ’ (பார்லி) உண்டு, கோதூம இல்லை. யஜுர் வேதத்தில்தான் தலைகாட்டுகிறது. சிவன் கோயிலில் அந்த வேதத்தின் சமகம் என்ற துதியைக் கேட்டிருந்தால் ‘கோதூமாஶ்ச மே’ காதில் விழுந்திருக்கும். சிந்துவெளியில் 4500 ஆண்டுக்கு முன்பே கோதுமை விளைந்தது. அவர்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்களோ!

நம் ‘கோதுமை’யும் அதே ‘கோதூம’தான்; ஆனால் இந்தி வழியாக வந்ததல்ல. இந்தி தொலைத்த தகரமும் மகரமும் அதில் அப்படியே இருக்கின்றன, பாருங்கள்.

பஞ்சாப் பக்கம் போனால் மட்டும் ‘கேஹூ’வை நம்பிப் போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் ‘கணக்’ என்பார்கள். அதன் வேர் வேறு.