போர்க்களத்தில் கிடைத்த பித்தளை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக பிரான்ஸில் லீல் நகரத்தில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பர் வார இறுதிகளில் மெட்டல் டிடெக்டரும் கையுமாகச் சுற்றுபவர். போன மாதம் நெவ் ஷபெல் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலுக்கு என்னையும் அழைத்துப் போனார். முழங்கை ஆழம் தோண்டியதும் வளைந்த பித்தளைப் பட்டை ஒன்று கிடைத்தது. ராணுவத்தில் தோளில் குத்துவார்களே, அது மாதிரி. எழுத்துகள் மேல் களிம்பு ஏறியிருக்கிறது, படிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு பூட்ஸின் அடிப்பாகமும் கிடந்தது. அதை அப்படியே விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம்.

பித்தளையை எதைக் கொண்டு பாலிஷ் செய்யலாம்? இணையத்தில் ஜெர்மன் சிப்பாய்களின் அடையாளத் தகடுகள் விற்பனைக்கு வருகின்றன, சேர்க்கத் தொடங்கலாம் என்று ஆசை. நாஜிகளின் பொருள்தானே, அதில் என்ன பாவம் என்கிறார் நண்பர். இந்தப் பகுதியில் தவறவிடக் கூடாத இடங்களையும் சொல்லுங்கள். இதையெல்லாம் வைத்து ஒரு நாவல் எழுதும் எண்ணம் இருக்கிறது.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

இந்த விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாட்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் எழுத வைத்துவிட்டது. அந்நிய ஊரில் தனியாக இருந்துகொண்டு, கிடைக்கிற ஓய்வில் நூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்களைத் தேடிப் போகிறீர்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன்.

பூட்ஸை அப்படியே விட்டு மூடிவிட்டோம் என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். அந்த பூட்ஸுக்குள் கால் இருந்ததா என்று பார்த்தீர்களா? தோள் பட்டையும் பூட்ஸும் ஒரே குழியில் இருந்தால் அங்கே ஒரு ஆள் கிடக்கிறான் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அதுவும் முழங்கை ஆழத்தில். கலப்பை அவ்வளவு கீழே போகாது. அப்படியென்றால் அந்தப் பட்டை விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு அவனை மட்டும் மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் நின்ற மண்ணின் கதையைச் சொல்கிறேன். முதல் உலகப்போரில், 1915 மார்ச் 10 முதல் 13 வரை அங்கே நடந்த சண்டையில் தாக்கிய பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள். ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, வட்டமான வெள்ளைச் சுவர். அந்தப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் செத்து, உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. 2016-இல் பக்கத்து ரிஷ்பூரில் மண் தோண்டும்போது இரண்டு பேரின் எலும்புகள் கிடைத்தன. உடையில் இருந்த சின்னத்தில் 39 என்ற எண். அதை வைத்துத்தான் அவர்கள் 39-ஆவது கர்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்கள் என்று தெரிந்தது. அடுத்த வருடம் நவம்பரில் லவாந்தி கல்லறைத் தோட்டத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இரண்டு பேருக்கும் பெயர் கிடைக்கவில்லை, ரெஜிமென்ட் மட்டும் கிடைத்தது. நூறு வருடம் கழித்து அதைக் கொடுத்தது ஒரு சின்ன உலோகத் துண்டு.

அந்தத் துண்டை ஒரு வாரம் முன்னால் யாராவது டிடெக்டரோடு வந்து எடுத்துப் போயிருந்தால்? இரண்டு எலும்புக்கூடுகள் மிஞ்சியிருக்கும். எந்த நாட்டுக்காரன் என்றுகூடச் சொல்ல முடிந்திருக்காது. உங்கள் மேஜை மேல் இருப்பதும் அதே மாதிரியான உலோகத் துண்டுதான்.

ஒரு பித்தளைப் பட்டைக்கு ஏன் இவ்வளவு கனம் என்று கேட்பீர்கள். போரின் முதல் இரண்டு வருடங்களில் பிரிட்டிஷ் சிப்பாயின் கழுத்தில் இருந்தது ஒரே ஒரு அடையாள வில்லை. செத்தவனின் கழுத்திலிருந்து அதைக் கழற்றிச் சாவுக்கு ஆதாரமாக அனுப்பிவிடுவார்கள். உடல் பெயரில்லாமல் கிடக்கும். 1916-இல்தான் இரண்டு வில்லை கொடுத்தார்கள், ஒன்று உடலோடே இருப்பதற்கு. அதுவும் அழுத்திய நாரில் செய்தது, ஈர மண்ணில் மக்கிப்போனது. மக்காமல் இருப்பது பித்தான், தோள் பட்டை, பெல்ட் கொக்கி. தோண்டுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ரெஜிமென்ட் தெரிந்தால் எந்தத் தேதியில் அந்த ரெஜிமென்ட் அந்த வயலில் இருந்தது என்று போர் நாட்குறிப்பில் தேடலாம். அன்றைக்குக் காணாமல் போனவர்களின் பட்டியல் பத்து இருபது பெயராகச் சுருங்கும். அப்புறம் குடும்பங்களைத் தேடி டி.என்.ஏ. எல்லாமே அந்தப் பட்டை அந்த எலும்போடு கிடந்தது என்பதில் தொங்குகிறது. மேஜைக்கு வந்துவிட்டால் அது வெறும் பித்தளை.

பாலிஷ் கூடவே கூடாது. எழுத்தைத் தேய்த்து அழிக்கப் போகிறீர்களா? தண்ணீர்கூட வேண்டாம்.

இனி ஜெர்மன் தகடுகள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

காஸல் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கிழவியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவளுடைய அண்ணன் இரண்டாம் உலகப்போரில், 1944 ஜூனில் பெலாரூஸில், பப்ரூய்ஸ்க் பக்கம் காணாமல் போனவன். சோவியத் செம்படை அந்த மாதம் அடித்த அடியில் ஜெர்மானியரின் மத்தியப் படைத் தொகுதி மொத்தமாகச் சிதறியது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஐம்பதுகளில் ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் காணாமல் போனவர்களின் புகைப்படங்களை அச்சிட்டு 225 தொகுதிகளாக வெளியிட்டது. போர்க் கைதிகளாக இருந்து திரும்பியவர்களிடம் அந்தப் புத்தகங்களைக் காட்டி இவனைத் தெரியுமா, இவனைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். இவளுடைய அண்ணன் படமும் அதில் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

காணாமல் போனவர்களைச் சட்டப்படி இறந்தவர்களாக அறிவிக்க குடும்பம் மனுப்போட வேண்டும். பலருக்கு 1945 டிசம்பர் 31 என்று ஒரே தேதியைப் போட்டார்கள். அவள் அம்மா மனுப்போட மறுத்துவிட்டாள். என் மகன் அந்தத் தேதியில் சாகவில்லை, அவன் எந்தத் தேதியில் செத்தான் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றாளாம். எனக்கு அது உடனே புரிந்தது. திதி கொடுக்க ஒரு நாள் தெரியாமல் தவித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் என்ற சங்கத்திலிருந்து. அப்போது அதன் தலைமையகமே காஸலில்தான் இருந்தது. அண்ணன் கிடைத்துவிட்டான், பப்ரூய்ஸ்க் பக்கம் ஷத்கோவோ ஜெர்மன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவள் அழவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பிளாக், வரிசை, கல்லறை எண் மூன்றையும் உறவினர்களின் தொலைபேசி எண்கள் எழுதும் முகவரிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். கடிதத்தில் அவனுடைய இரண்டாவது பெயரை விட்டிருந்தார்கள். அதைப் பென்சிலால் சேர்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, தகடு முழுசாக இருந்ததாம் என்றாள்.

முழுசாக என்பதன் அர்த்தத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஜெர்மன் தகடு முட்டை வடிவம், நடுவே வெட்டுக்கோடு. சிப்பாய் செத்தால் கூட இருப்பவன் கீழ்ப் பாதியை உடைத்து அனுப்புவான், மேல் பாதி உடலோடு போகும். முழுத் தகட்டோடு ஒருவன் மண்ணில் கிடந்தால் உடைக்க ஆள் இல்லை, அவன் செத்தது எங்கும் பதிவாகவில்லை என்று பொருள். அதில் பெயரும் இருக்காது. ஒரு படைப்பிரிவு, ஒரு எண், ரத்த வகை, அவ்வளவுதான். பெர்லின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் அந்த எண் ஒரு மனிதனாக மாறும்.

சில மாதம் கழித்து அதே ஊர் பழைய சாமான் சந்தையில் ஒரு தட்டு நிறையத் தகடுகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியிருந்தது. உயிரோடு திரும்பியவனின் தகடும் முழுசாக இருக்கும், தெரியும். ஆனால் மண் அரித்துப் பொரிந்துபோன முழுத் தகடு எவன் வீட்டு அலமாரியிலிருந்தும் வரவில்லை. அது எங்கோ ஒரு காட்டில் விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவன் எலும்பைத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். அந்த எலும்பு பின்னால் யாரிடம் கிடைத்தாலும் இனி அதற்குப் பெயர் வராது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் அடுத்த தகட்டைத் தோண்ட ஒருவன் கிளம்புகிறான். வாங்காதீர்கள். ஆசைக்கு ஒன்றே ஒன்று என்று சொல்லிக்கொண்டுகூட வாங்காதீர்கள்.

நாஜிகள்தானே என்கிறார் நண்பர். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் படை பெலாரூஸில் ஊர் ஊராகக் கொளுத்தியது எனக்குத் தெரியும். அதற்கும் ஒன்பது வயதுத் தங்கைக்கும் என்ன சம்பந்தம்? தவிர, தோண்டித் திருடுகிறவன் யாருடைய எலும்பு என்று பார்த்துத் தோண்டுவதில்லை. அதே காடுகளில்தான் சோவியத் சிப்பாய்களும் கிடக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது கருப்பு எபோனைட்டில் ஒரு சின்னத் திருகுக் குப்பி, உள்ளே சுருட்டிய காகிதம். எழுதினால் சாவு வரும் என்று பயந்து பலர் அதைக் காலியாகவே வைத்திருந்தார்கள். 1942 நவம்பரில் அந்தக் குப்பியையே நிறுத்திவிட்டார்கள். அதனால் ரஷ்யாவில் நவ்கோரோட் பக்கம் மியஸ்னோய்-போர் என்ற ஊரின் சதுப்புக் காட்டில் தேடும் தன்னார்வலர்கள் ஸ்பூனையும் சாப்பாட்டுத் தட்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எவனாவது கத்தி முனையால் பெயரைக் கீறி வைத்திருப்பான். ஈரக் குப்பியை அங்கேயே திறந்து பார்க்க நல்ல தேடல்காரன் துணியமாட்டான், காகிதம் கரைந்துபோகும். கருப்புத் தோண்டிகள் என்று அங்கே சொல்லப்படும், விற்பதற்காகத் திருட்டுத்தனமாகத் தோண்டும் கூட்டத்துக்கு அந்த ஸ்பூன் குப்பை. துப்பாக்கிக்கும் பதக்கத்துக்கும்தான் விலை.

2014-இல் ஒரு பெரிய சேனல் இப்படித் தோண்டுவதை நிகழ்ச்சியாகவே எடுத்தது. முன்னோட்டத்தில் தொடை எலும்பை மண்ணிலிருந்து பிடுங்கிக் காட்டிக் கை எலும்பு என்றார்கள். தொல்லியலாளர்கள் கொதித்தெழுந்த பிறகு நிறுத்தினார்கள். பிறகு வேறொரு சேனலில் வேறு பெயரில் அது வந்தே விட்டது. உங்கள் நண்பர் வீடியோக்கள் பார்ப்பவராக இருந்தால் அவையும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் கேட்டிருந்தீர்கள். லீலுக்குப் பக்கத்தில் ஃப்ரொமெல் இருக்கிறது, அங்கே போங்கள். 1916 ஜூலையில் செத்த ஆஸ்திரேலியர்களை ஜெர்மானியர் ஒரு காட்டோரக் குழிகளில் புதைத்தார்கள். லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற ஓய்வுபெற்ற மெல்போர்ன் ஆசிரியர் வருடக்கணக்கில் விடாமல் நச்சரித்ததால்தான் அவற்றைத் திறந்தார்கள். 2009-இல் 250 உடல்கள் கிடைத்தன, இதுவரை 170-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பியிருக்கிறது. ஒருவனோடு ஃப்ரீமேண்டில் – பெர்த் ரயில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. அங்கே ஒவ்வொரு பொருளும் எந்த எலும்புக்குப் பக்கத்தில் கிடந்தது என்று குறித்து, படம் எடுத்து, அப்புறம்தான் கையில் தொட்டார்கள். நாவலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது. அனுமதி இல்லாமல் டிடெக்டரை வைத்துப் பழைய பொருள் தேடுவது பிரான்ஸில் சட்டப்படி குற்றம், அதை உங்கள் நண்பர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். பட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அந்த ஊர் மேயர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போங்கள். வயலின் எந்த மூலை, எவ்வளவு ஆழம், பூட்ஸ் எந்தப் பக்கம் என்று படம் வரைந்து கொடுங்கள். அராஸ் பக்கத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வந்து முறையாக எடுப்பார்கள். அதற்குள் நீங்களே போய் மறுபடி தோண்டிப் பார்க்காதீர்கள். வெடிக்காத குண்டுகள் அந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன, 2014-இல் ஈப்ர் நகரத்தில் இரண்டு கட்டடத் தொழிலாளர்கள் அப்படித்தான் செத்தார்கள். அபராதம் போட்டால் கட்டுங்கள். நண்பர் வர மறுத்தால் தனியாகப் போங்கள். ஆணையத்திலிருந்து என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுதுங்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்