‘தி தேர்ட் மேன்’ படத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேமரா சாய்ந்தே நிற்கிறது, ஒரே தந்தி இசை ஓயாமல் ஒலிக்கிறது, இதில் என்ன பெரிய சஸ்பென்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1949-இல் படம் வந்தபோதே சாய்ந்த கோணங்களைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. இயக்குநர் கரோல் ரீடுக்கு அவருடைய நண்பரான ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலர் ஒரு ரசமட்டத்தையே அனுப்பிவைத்தார், அடுத்த படத்திலாவது கேமராமேல் வைத்துப் பாருங்கள் என்று! ஆனால் அதே படம் கான் விழாவின் உயரிய விருதை வாங்கியது. ராபர்ட் கிராஸ்கரின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

ஆன்டன் கராஸ் ஜிதர் என்ற தந்திக்கருவியில் வாசித்த அந்த இசை எல்லோருக்கும் பிடிப்பதில்லை. எனக்கும் முதல் அரைமணி நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த வாசற்படிக் காட்சி வந்தது. இருட்டில் யாருடைய ஷூவிலோ ஒரு பூனை உரசிக்கொண்டு நிற்கிறது. எதிர்மாடியில் ஒரு பெண் விளக்கைப் போட, செத்துப்போனதாக நாம் நம்பியிருந்த ஹாரி லைமின் முகம் தெரிகிறது. ஹாரியாக நடித்த ஆர்சன் வெல்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. திருடி மாட்டிய பையனைப் போல லேசாகச் சிரிக்கிறார். படம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் இது.

முடிவு சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு தகவல்: கதை எழுதிய கிரகாம் கிரீனே, ஹாரியின் காதலி அன்னாவும் கதாநாயகன் ஹாலியும் சேரட்டும் என்றுதான் முதலில் நினைத்தார். ரீட் மறுத்தார். கல்லறைச் சாலையில் அன்னா நெடுந்தூரம் நடந்துவந்து, காத்திருக்கும் ஹாலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகிறாள். ரீட் செய்ததே சரி என்று கிரீன் பின்னர் ஒப்புக்கொண்டார்.